"நடங்க"ன்னு சொன்னது போதும், கூட நடங்க

அன்புள்ள என் மாணவப் பிள்ளைகளுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

இது கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. டீச்சருக்குக் கோபம் வந்தால் எப்படிப் பேசுவாள் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் இன்று தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்களில் என்னையும் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். சந்தோஷம். முன்பெல்லாம் பொங்கல் வாழ்த்து, பிள்ளையின் பிளஸ் டூ மார்க், புது வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று வரும். இப்போதெல்லாம் கைகூப்பிய படமும் "ஆழ்ந்த இரங்கல்" என்ற வரியும் அடிக்கடி வருகின்றன. யாருக்கு என்று மேலே தள்ளிப் பார்த்தால் சில சமயம் உங்கள் அப்பா, அம்மா. சில சமயம் உங்களில் ஒருவர். 46 வயது. 51 வயது. "ராத்திரி நல்லாத்தான் பேசிட்டிருந்தான் டீச்சர்" என்று ஒரு குரல் செய்தி. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது "உள்ளேன் டீச்சர்" என்று எழுந்து நின்ற பிள்ளைகள். அவர்களுக்கு நான் இரங்கல் எழுத வேண்டியிருக்கிறது. வரிசை தப்பிப் போகிறது. என் கோபம் அதில்தான்.

இந்தப் பதிவு யாருக்கு? நாற்பதைத் தாண்டியவர்களுக்கு. பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, சுகர் இருக்கிறவர்களுக்கு, கொழுப்பு அதிகம் என்று ரிப்போர்ட் வந்தவர்களுக்கு, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதில் மாரடைப்பு வந்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு. அதைவிட முக்கியமாக, இவர்களோடு ஒரே வீட்டில் இருக்கிற உங்களுக்கு.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "வாக்கிங் போங்க" என்று சொல்லி யாரையும் நடக்க வைக்க முடியாது. கூட நடந்தால்தான் நடக்க வைக்க முடியும். சொல்வதோடு நிறுத்திக்கொண்டு, நாளைக்கு ஒன்று ஆன பிறகு "நான் அப்பவே சொன்னேன், கேக்கலையே" என்று அழுவதில் எந்தப் பாசமும் இல்லை.

"எல்லாம் விதி டீச்சர்" என்பீர்கள். 2004-ல் 'இன்டர்ஹார்ட்' என்று ஒரு பெரிய ஆய்வு வெளியானது. 52 நாடுகளில் செய்தது. தலைமை தாங்கியவர் சலீம் யூசுப் என்ற மருத்துவர், கேரளத்தில் பிறந்தவர். முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை ஒன்பதே விஷயங்கள் விளக்கிவிடுகின்றன என்று அது காட்டியது. புகை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன உளைச்சல், காய்கறி பழம் சாப்பிடாதது, உடம்பை அசைக்காமல் இருப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. விதிக்கு அங்கே அதிகம் இடமில்லை.

அதே ஆய்வில் நம் பகுதி மக்களைத் தனியாக எடுத்து 2007-ல் ஒரு கட்டுரை வந்தது. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் ஆகிய நாட்டவர்களுக்கு முதல் மாரடைப்பு வருகிற சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு 58-க்கு மேல். ஐந்தாறு வருடம் முந்திக்கொள்கிறது. 53 வயது என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? இன்னும் ஷிப்ட் போய்க்கொண்டிருக்கிற வயது. பிள்ளை காலேஜில் இருக்கும். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குவார்ட்டர்ஸை விட்டால் போய் இருக்க வடக்குத்திலோ இந்திரா நகரிலோ வீடு பாதி கட்டி நிற்கும். அந்த நேரத்தில்தான் வந்து கதவைத் தட்டுகிறது.

அந்தக் கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருந்தது. மாரடைப்பு வராதவர்களிலேயே ஒழுங்காக உடற்பயிற்சி செய்கிறவர்கள் நம்மில் நூற்றுக்கு ஆறு பேர். மற்ற நாடுகளில் நூற்றுக்கு இருபத்தியொன்றுக்கு மேல். பரீட்சை பேப்பர் திருத்திய கையால் சொல்கிறேன், ஆறு மார்க் எடுத்த பிள்ளையை மட்டும் குறை சொல்லலாம். வகுப்பு மொத்தமும் ஆறு எடுத்தால் பாடம் நடத்திய விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நாம் எப்படி நடத்துகிறோம் என்று பாருங்கள். டாக்டர் பத்து விநாடியில் "வாக்கிங் போங்க, உப்பைக் குறைங்க" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார். வெளியே அறுபது பேர் காத்திருக்கிறார்கள், அவரைக் குறை சொல்லவில்லை. சிங்கப்பூரிலிருந்து பையன் போன் செய்து "அப்பா, வாக்கிங் போனீங்களா?" என்று கேட்கிறான். அப்பா "ம்" என்கிறார். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும். பொறந்தநாளுக்கு அடி எண்ணுகிற கைக்கடிகாரம் அனுப்புகிறான். அது பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. தங்கை தினமும் காலை "நடைப்பயிற்சியின் 25 நன்மைகள்" என்று பார்வர்டு அனுப்புகிறாள். அதை உட்கார்ந்துகொண்டு அனுப்புகிறாள், இவர் உட்கார்ந்துகொண்டு படிக்கிறார்.

நான் படித்தது பட்டப் படிப்பில்லை, ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். ஆனால் அந்தப் பயிற்சியில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்த இரண்டு விஷயம் இன்றைக்கும் மறக்கவில்லை. எளியதிலிருந்து கடினத்துக்குப் போ. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் "அ எழுது" என்று முப்பது தடவை கத்தினாலும் அது எழுதாது. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, ஒரு சுழி போட்டுக் காட்டினால் எழுதும். ஐம்பது வயது ஆளுக்கும் புதுப் பழக்கத்தில் அவன் ஒன்றாம் வகுப்புதான்.

இது என் யோசனை மட்டும் இல்லை. நியூசிலாந்தில் 1998-லிருந்து 'பச்சை மருந்துச் சீட்டு' என்று ஒன்று இருக்கிறது. டாக்டர் மாத்திரை எழுதுகிற மாதிரியே, இன்ன உடற்பயிற்சி, வாரம் இத்தனை நாள், இத்தனை நிமிடம் என்று தாளில் எழுதிக் கொடுப்பார். அதோடு விடமாட்டார்கள். வேறொருவர் போன் செய்து எப்படிப் போகிறது, எங்கே சிக்கல் என்று விசாரிப்பார். 40 முதல் 79 வயது வரை உள்ள, உடலை அதிகம் அசைக்காதவர்களிடம் இதைச் சோதித்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் இந்தச் சீட்டு வாங்கியவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக உடலை இயக்கிக்கொண்டிருந்தார்கள். நாம் சொல்கிற அறிவுரையில் அந்தத் தாளும் இல்லை, அந்தப் போனும் இல்லை.

சரி, நடப்பதால் இதயத்துக்கு அப்படி என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு லண்டன் பஸ் கதை. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்தார். 1953-ல் 'லான்செட்' இதழில் வந்தது. ஒரே பஸ், ஒரே கம்பெனி. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் போட ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி ஏறி இறங்குவார். டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. வந்தாலும் தாமதமாக வந்தது, உயிர் போவதும் குறைவாக இருந்தது. சைக்கிளிலும் நடந்தும் கடிதம் கொடுத்த தபால்காரர்களை, ஆபீஸில் உட்கார்ந்திருந்த தபால் துறை ஊழியர்களோடு ஒப்பிட்டார். அதிலும் அதே கதைதான். "டிரைவர்கள் முதலிலேயே குண்டாக இருந்திருப்பார்கள்" என்று சிலர் மடக்கினார்கள். மோரிஸ் சளைக்காமல் யூனிபார்ம் பேண்ட் இடுப்பளவுக் கணக்கை வாங்கிப் பார்த்தார். டிரைவர்கள் இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒல்லி டிரைவரானாலும் குண்டு டிரைவரானாலும் கண்டக்டரைவிட ஆபத்து அதிகம்தான் என்று தெரிந்தது. மோரிஸ் 99 வயது வரை இருந்தார்.

இதை நெய்வேலிக்குப் பொருத்திப் பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஷிப்ட் விடுகிற நேரத்தில் ரோடு முழுக்க சைக்கிள். சுரங்கத்துக்கும் சைக்கிள், தெர்மலுக்கும் சைக்கிள். மெயின் பஜாருக்கு அம்மாக்கள் பை எடுத்துக்கொண்டு நடந்து போவார்கள். வட்டம் விட்டு வட்டம் டியூஷனுக்கு நீங்கள் நடந்து வருவீர்கள். யாரும் அதை உடற்பயிற்சி என்று சொல்லவில்லை. இன்றைக்குத் தெருமுனைக் கடையில் கொத்தமல்லிக் கட்டு வாங்க ஸ்கூட்டியை எடுக்கிறீர்கள். உங்களைச் சோம்பேறி என்று திட்ட இதைச் சொல்லவில்லை. நம் நாளிலிருந்து அசைவை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டார்கள், நாமும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டோம். போனதைத் திரும்ப வைக்க வேண்டும். அது தானாக வராது.

இனி நான் வழக்கமாகக் கேட்கிற சாக்குகள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

1. "மாத்திரைதான் சாப்பிடறேனே."
சாப்பிடுங்கள். ஒரு வேளையும் விடாதீர்கள். நடக்க ஆரம்பித்ததால் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. ஆனால் மாத்திரை செய்கிற வேலை வேறு, நடை செய்கிற வேலை வேறு. நடக்கும்போது தசைகள் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துப் பயன்படுத்துகின்றன. தொடர்ந்து நடந்தால் ரத்த அழுத்தம் இறங்குகிறது. அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடித்தால் போதும் என்று ஆகிறது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, பிபி, சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல திட்டம். 2024-ல் ஐ.நா. விருதும் வாங்கியது. ஆனால் மாத்திரையைத்தான் வீட்டுக்குக் கொண்டுவர முடியும். உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் நடந்து கொடுக்க முடியாது.

2. "ஜிம்முக்குப் போனவங்களே செத்துப் போறாங்க."
கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபரில் 46 வயதில் மறைந்த பிறகு இந்த வாதம் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒருவர் இறப்பை நம் சோம்பலுக்கு முட்டுக் கொடுக்கப் பயன்படுத்துவது நியாயமே இல்லை. உண்மை என்ன? திடீரென்று கடுமையாக உழைக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து கூடத்தான் செய்கிறது. 1993-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு அதை யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டியது. வாரம் ஐந்து தடவைக்கு மேல் வழக்கமாகப் பயிற்சி செய்கிறவர்களுக்குச் சுமார் இரண்டரை மடங்கு. எப்போதும் உட்கார்ந்தே இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று குதிக்கிறவர்களுக்கு நூறு மடங்குக்கு மேல். ஆக, பழக்கமில்லாத உடம்பில் ஒரே நாளில் வீரம் காட்டுவதுதான் ஆபத்து. மெதுவாக ஆரம்பித்துத் தினமும் செய்வதே அதற்கு மருந்து.

3. "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தான்."
பெண் பிள்ளைகள் சொல்வது. வீட்டு வேலையும் கணக்கில் சேரும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மூச்சு கொஞ்சம் வாங்குகிற அளவுக்கு, விடாமல் பத்து நிமிடம் எந்த வேலை செய்கிறீர்கள் என்று யோசியுங்கள். மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின் வந்த பிறகு வேலை குறையவில்லை, அசைவு குறைந்துவிட்டது. நாள் முழுக்க நின்று களைத்துப் போவது வேறு, இதயத்துக்குப் பயிற்சி கொடுப்பது வேறு.

4. "மூட்டு வலி."
மூட்டு வலிக்காரர்களுக்கும் அளவான நடை நல்லது என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். நடக்கவே முடியாத வலி என்றால் நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம். டாக்டரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ கேளுங்கள். "என்னால முடியாது" என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள்.

5. "நேரம் இல்லை."
உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. ஐந்து நாள், நாளுக்கு அரைமணி. அதையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று முன்பு ஒரு விதி இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். காலையில் கொஞ்சம், மதியம் கொஞ்சம், ராத்திரி கொஞ்சம் என்று பிரித்துக்கொள்ளலாம். சீரியல் நடுவில் வருகிற விளம்பரத்தைக் கூட்டினாலே பாதி வந்துவிடும்.

சாக்கு சொல்கிறவர்களைவிட எனக்கு அதிகக் கோபம், பாசத்தால் உட்கார வைக்கிறவர்கள் மேல்தான். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வந்தவரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்துக்கொள்கிறோம். எங்கள் சொந்தத்தில் ஒருவர், சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது மெதுவாக நடை பழகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். வீட்டிலோ மகள் சொம்புத் தண்ணீர்கூட எடுக்க விடவில்லை. மாடி ஏறாதே, வாசலுக்குப் போகாதே, ரெஸ்ட் எடு, ரெஸ்ட் எடு. மூன்று மாதத்தில் தொடை இரண்டும் சூம்பிப்போய், பாத்ரூம் போய் வந்தாலே மூச்சு வாங்கியது. அதைப் பார்த்து வீட்டில் இன்னும் பயம், இன்னும் ரெஸ்ட்.

கடைசியில் எதிர்வீட்டுக்காரர்தான் வழி பண்ணினார். "அண்ணே, பால் வாங்கப் போறேன், பேச்சுத்துணைக்கு வாங்களேன்" என்று கூப்பிட்டார். வாக்கிங் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, முதல் வாரம் நாலு வீடு தள்ளி வரைக்கும்தான் போனார்கள். மதகில் உட்கார்ந்தார்கள், திரும்பினார்கள். பிறகு பால் பூத். பிறகு பால் பூத்தைச் சுற்றிக்கொண்டு அடுத்த தெரு. ஆறு மாதத்தில் இரண்டு பேரும் நடராஜர் கோயில் வரைக்கும் போய் வருகிறார்கள். ஒரு நாள் இவர் வரவில்லை என்றால் அவர் வந்து கேட்டைத் தட்டுகிறார். மகளுடைய அத்தனை பாசமும் செய்யாததை ஒரு பால் பாக்கெட் செய்தது.

இதய நோய்க்குப் பிறகு மருத்துவர் மேற்பார்வையில் செய்கிற பயிற்சி, இதய நோயால் இறப்பதையும் திரும்ப ஆஸ்பத்திரியில் படுப்பதையும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். நம் நாட்டிலேயே 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த ஏறத்தாழ 4,000 பேரிடம் யோகா சார்ந்த மறுவாழ்வுப் பயிற்சியைச் சோதித்து 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். உயிரிழப்பில் வித்தியாசத்தை அந்த ஆய்வால் உறுதியாக நிரூபிக்க முடியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பயிற்சி செய்தவர்கள் உடம்பு தேவலை என்று உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்கு அதிகமாகத் திரும்பினார்கள். "இனிமே அவ்வளவுதான்" என்று மூலையில் உட்கார வைப்பது எந்த மருத்துவமும் சொல்லாத வைத்தியம்.

இன்னொரு பக்கம் பெரிய எண்களைச் சொல்லி மிரட்டுகிறவர்கள். பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டும் என்பார்கள். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணுகிற கருவி விற்றது. அதன் பெயருக்கே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்றுதான் அர்த்தம். விற்பனைக்கு வைத்த பெயர் வேதமாகிவிட்டது. 2019-ல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் போனால் கூடுதல் பலன் தெரியவில்லை.

நம் அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன் தானே மாரத்தான் ஓடுகிறவர், சொல்லத் தகுதி உள்ளவர். ஆனாலும் கேட்கிறேன், வாசல் படி இறங்கினாலே மூச்சு வாங்குகிற ஐம்பது வயதுக்காரருக்கு எட்டு கிலோமீட்டர் என்ற போர்டு என்ன சொல்லும்? "இது உனக்கில்லை" என்றுதான் சொல்லும். ஒன்றாம் வகுப்பில் முதல் நாளே பதினாறாம் வாய்ப்பாடு கேட்கிற கதை. எட்டு கிலோமீட்டர் இருக்கட்டும், நடக்கிறவர்கள் நடக்கட்டும். எட்டு நிமிடத்தில் ஆரம்பிக்கிற ஆளுக்கு யார் துணை?

பெண்கள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2024-ல் வந்த உலகளாவிய கணக்குப்படி, இந்தியாவில் போதிய உடல் அசைவு இல்லாத ஆண்கள் நூற்றுக்கு 42. பெண்கள் 57. ஏன் இந்தப் பதினைந்து வித்தியாசம்? ஆண் காலையில் கிளம்பினால் "வாக்கிங் போறார்". பெண் கிளம்பினால் "எங்க கிளம்பிட்ட, டிபன் ஆச்சா?" என்ற கேள்வி. அவள் நடக்க வேண்டிய நேரத்தில்தான் அடுப்பில் இட்லிப் பானை இருக்கிறது, புருஷன் ஃபர்ஸ்ட் ஷிப்ட் கிளம்புகிறார், பையனுக்கு டப்பா கட்ட வேண்டும். பெண்களுக்கு இதய நோய் வராது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். வரும். மாதவிடாய் நின்ற பிறகு ஆபத்து கூடும். அறிகுறியும் சில சமயம் சினிமாவில் காட்டுகிற மாதிரி நெஞ்சைப் பிடிக்கிற வலியாக இருக்காது. காரணம் தெரியாத களைப்பு, மூச்சுத் திணறல், தாடை வலி, முதுகு வலி, குமட்டல் என்று வரும். "கேஸ் டிரபிள்" என்று சோடா குடித்துவிட்டு அடுத்த தோசையை ஊற்றுவாள்.

என் ஆண் பிள்ளைகளே, உங்களைத்தான் கேட்கிறேன். ஏன்டா, வாரத்தில் ஐந்து நாள் ஒரு அரைமணி நேரம் சட்னி அரைத்து, பிள்ளைக்கு டப்பா கட்ட உங்களால் முடியாதா? மனைவிக்கு ஷூ வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. அந்த அரைமணியையும் வாங்கிக் கொடுங்கள்.

நம் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நாமே மதிப்பதில்லை. டவுன்ஷிப்பில் அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம். சென்னையிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் பார்த்து ஏங்குகிறார்கள். நாம் அந்த மர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு செல்போன் பார்க்கிறோம். குவார்ட்டர்ஸை விட்டு வெளியே குடிபோனவர்களுக்கு அந்த வசதி குறைவுதான். குறுகல் தெரு, நாய்த் தொல்லை, ஓரமாக நடக்க இடமில்லாத மெயின் ரோடு. அதற்குப் பஞ்சாயத்தில் விளக்கு கேளுங்கள், நாய்க்கு வழி கேளுங்கள். தனியாகப் போய்க் கேட்டால் மனு. காலையில் சேர்ந்து நடக்கிற பத்துப் பேர் போய்க் கேட்டால் பதில் வரும். அதற்கும் கூட்டு வேண்டும்.

இன்னொன்று. "போன வருஷம் ஆறு மாசம் நடந்தேன் டீச்சர்" என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். நீங்கள் சுரங்கத்து ஊர்ப் பிள்ளைகள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற தண்ணீரை ராத்திரி பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் ஓடும். போன வருஷம் நிறைய இறைத்துவிட்டோம், இந்த வருஷம் மோட்டாரை நிறுத்தலாம் என்று எந்த இன்ஜினியரும் சொல்லமாட்டார். நடையின் பலனும் அப்படித்தான். சேர்த்து வைத்து வட்டி வாங்க முடியாது.

இப்போது வீட்டுப்பாடம். இந்தத் தடவை வீட்டுப்பாடத்தைத் தனியாகச் செய்யக் கூடாது, காப்பி அடித்தாலும் பரவாயில்லை.

முதலில், ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். அப்பா, மாமியார், பக்கத்து வீட்டு அண்ணன், ஷிப்ட் கூட்டாளி, யாராவது ஒருவர். ஊருக்கே உபதேசம் வேண்டாம்.

"நாளைலேர்ந்து நடங்க" என்று சொல்லாதீர்கள். "நாளைக்கு ஆறு மணிக்கு வாசலுக்கு வர்றேன், பேசிட்டே போயிட்டு வரலாம்" என்று சொல்லுங்கள். நேரம், இடம், ஆள் மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும். நைட் ஷிப்ட் ஆளென்றால் தூங்கி எழுந்த பிறகு சாயங்காலம். கத்திரி வெயிலில் பத்து மணிக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

முதல் வாரம் பத்து நிமிடம் போதும். அடுத்த வாரம் பதினைந்து. வேகத்துக்கு ஒரு சுலபமான அளவு: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் கொஞ்சம் வேகம் கூட்டுங்கள், பேச முடியாவிட்டால் குறையுங்கள்.

வீட்டு மாதக் காலண்டரில் நடந்த நாளைப் பேனாவால் வட்டமிடுங்கள். பால் கணக்கு எழுதுகிற அதே இடத்தில். வட்டம் இல்லாத நாளைப் பற்றிப் பேசவே வேண்டாம். வட்டம் போட்ட நாளை மட்டும் பாராட்டுங்கள். திட்டு வாங்கின பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும் என்பது எனக்குத் தெரியாதா?

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் நேரம் ஒத்துவருகிற நாளில், நீங்களும் நடந்துகொண்டே அப்பாவுக்குப் போன் போடுங்கள். நீங்கள் அங்கே நடங்கள், அவர் இங்கே நடக்கட்டும். "நடந்தீங்களா" என்று விசாரணை வேண்டாம்.

கண்டிப்பான ஒரு வார்த்தை. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள், ஸ்டென்ட், பைபாஸ் ஆனவர்கள், ரொம்ப நாளாக அசையாமல் இருந்த சுகர், பிபிக்காரர்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ பாரமோ, கை அல்லது தாடைக்குப் பரவுகிற வலியோ, குளிர்ந்த வியர்வையோ, தலைசுற்றலோ, வழக்கத்தை மீறிய மூச்சுத் திணறலோ வந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். உட்கார வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். "கொஞ்ச நேரம் பார்க்கலாம்" என்பது வேண்டாம். கூட ஒரு ஆள் நடப்பதில் இது ஒரு பெரிய நன்மை, கூப்பிட ஒரு கை இருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு "அருமையான பதிவு டீச்சர்", "சூப்பர் மிஸ்" என்று கீழே போடாதீர்கள். இந்த வயதில் எனக்கு லைக் எதற்கு? மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள். யார் கூட, எத்தனை மணிக்கு, எந்த ரோட்டில். எழுதினவர்களுக்கு ஒரு மாதம் கழித்து நானே போன் செய்வேன். கூட நடந்த ஆளையும் லைனில் கூப்பிடச் சொல்வேன், ஏமாற்ற முடியாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
நெய்வேலி